சகோதரத்துவம் யாருக்காக?

ஃப்ரீமேசன் சங்கத்தைப் பற்றி நம்மிடையே வதந்திகளே மிகுதி. நெல்லைச் சீமையின் வரிப்பணம் சென்று சேர்ந்த ஆற்காட்டு நவாப் குடும்பத்தின் மூத்த மகன் உம்ததுல் உமரா, 18ஆம் நூற்றாண்டிலேயே திருச்சிராப்பள்ளியில் அதில் சேர்ந்தார். 1961இல் இந்தியப் பெருமன்றம் தனியே அமைந்தபோது அதன் முதல் தலைவரும் ஒரு முஸ்லிமே: ராம்பூர் நவாப் ரஸா அலீ கான். கொத்தனாரின் மூலைமட்டத்தையும் கவராயத்தையும் அடையாளமாக வைத்து நேர்மை, அளவறிந்த வாழ்வு, உறுப்பினருக்கு உதவுதல் ஆகியவற்றைப் போதிக்கிறார்கள். இவற்றில் குறை காண நமக்கு ஒன்றுமில்லை.

ஆனால் அங்கு கதவு மூடியிருக்கிறது. சடங்குகளை வெளியே சொல்லலாகாது. அதன் இரகசியத் தன்மையைச் சுட்டியே, 1978இல் மக்காவின் ஃபிக்ஹுப் பேரவை அதில் சேரக் கூடாதெனத் தீர்ப்பளித்தது. அதுவே சரியென்பது என் கருத்து.

அண்ணலார் (ஸல்) நுபுவ்வத்திற்கு முன்பு பங்கேற்று, பின்னரும் உயர்வாகப் பேசிய ஹில்ஃபுல் ஃபுளூல் உடன்படிக்கையை எண்ணிப் பாருங்கள். அது உறுப்பினருக்காகச் செய்யப்பட்டதன்று. மக்கத்துப் பிரமுகர் ஒருவரிடம் பொருளைக் கொடுத்து ஏமாந்த யமன் நாட்டு அந்நிய வணிகருக்காகச் செய்யப்பட்டது.

இந்த அளவுகோலை நம் ஜமாஅத்துகள் மீதும் வைக்க வேண்டும், சகோதரர்களே. சந்தாப் புத்தகத்தில் பெயர் இருந்தால்தான் நிக்காஹ் தஃப்தர், பெயர் இருந்தால்தான் கபுருஸ்தான் என்றால், நம் கதவும் பாதி மூடியதுதான். வள்ளியூரில் பீகாரிலிருந்து வந்து கட்டட வேலை செய்யும் உண்மையான கொத்தனார் ஒருவர் ஜும்ஆவில் நம் தோளோடு தோள் நின்று தொழுகிறார். நாளை அவர் மௌத்தானால் கஃபனுக்கும் குழிக்கும் யார் பொறுப்பு? எந்த நிர்வாகக் கூட்டத்தில் இதைப் பேசியிருக்கிறோம்?