சந்தைக்கு வந்தவர்களும் ஊருக்குப் போனவர்களும்

தொற்றுநோய் பரவுவதற்குக் கூட்டமே காரணம் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அது பாதி உண்மையே. கூடியவர்கள் பின்னர் எங்கெங்குச் செல்கிறார்கள் என்பதே மீதியை முடிவு செய்கிறது.

ஊர்ப்புறத்துச் சிறுகடைக்கு நாள்தோறும் வருவோர் பெரும்பாலும் அறிந்த முகங்களே. அங்கே நுழையும் தொற்று அச்சிலரைச் சுற்றியே சுழன்று, புதுவழியின்றித் தேங்கிவிடக்கூடும். சென்னைக் கோயம்பேடு அங்காடியோ அத்தகையதன்று. நள்ளிரவில் பல மாவட்டங்களிலிருந்தும் அண்டை மாநிலங்களிலிருந்தும் லாரிகள் வந்து நிற்கும். சுமை இறக்குவோர், மொத்த வணிகர், தள்ளுவண்டிக்காரர் என யாவரும் தோளோடு தோள் உரச நின்று, விடிந்ததும் தத்தம் தெருக்களுக்குப் பிரிந்து செல்வர். வலைப்பின்னலில் எண்ணற்ற இழைகள் வந்து கூடும் முடிச்சு அது.

2020 ஏப்ரல் 26 முதல் 29 வரை சென்னையில் முழு ஊரடங்கு என்னும் அறிவிப்பு 24ஆம் நாள் வெளியானது. மறுநாள் காய்கறி வாங்க மக்கள் முண்டியடித்தனர். நடமாட்டத்தைத் தடுக்க வந்த ஆணையே ஒருநாள் நெரிசலை உண்டாக்கியது. அங்காடியில் தொற்று கண்டறியப்பட்டு, மே 5 அன்று அது மூடப்பட்டது. வேலையிழந்த தொழிலாளர்கள் கடலூர், விழுப்புரம், அரியலூர் முதலிய மாவட்டங்களிலுள்ள தம் ஊர்களுக்குத் திரும்பினர். அங்கெல்லாம் தொற்று எண்ணிக்கை விரைந்து உயர்ந்தது.

அவர்களை நோய் சுமந்து வந்தவர்கள் என்று பழித்தோரும் உண்டு. அப்பழி நேர்மையற்றது என்பது என் கருத்து. கடைத்திண்ணையில் படுத்துறங்கி, அன்றன்றைய கூலியில் உண்டவர், அத்திண்ணையும் கூலியும் ஒருங்கே போனபின் வேறெங்குச் செல்வார்?

பெரிய சந்தையைப் பல சிறிய சந்தைகளாகப் பிரித்தால் போதும் என்பர் சிலர். நானும் அதை ஏற்கிறேன். ஆனால் ஒரே லாரியும் ஒரே சுமையாளரும் நான்கு சந்தைகளுக்கும் சென்றுவந்தால், முடிச்சு அவிழ்ந்ததாகாது. இன்ன கடைகளுக்கு இன்ன சுமையாளர் என வரையறுத்தல் வேண்டும். வாங்குவோர்க்கு நேரம் பிரித்துத் தருதல் வேண்டும். அங்காடியை மூடியே தீர வேண்டுமெனில், கதவடைக்குமுன் தொழிலாளர்க்குப் பரிசோதனையும், முடிவு வரும்வரை தங்க இடமும், அந்நாள்களுக்குரிய கூலியும் தருதல் வேண்டும். அதற்கான செலவைத் தொழிலாளர் தலையில் சுமத்தாமல் அரசும் வணிகர்களும் பகிர்ந்துகொள்வதே முறை.