கம்பம் நடுகிற அன்றே எர்த்தும் போடுங்கள்

ஆரணியில் ரேடியோ, டிவி ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். ஆவணி, புரட்டாசியில் சாயங்காலம் இடிமழை பெய்தால், மறுநாள் காலையில் செட்டாப் பாக்ஸும் வைஃபை ரூட்டரும் வந்துவிடும். மூடியைத் திறந்தால், கேபிள் சொருகும் இடத்துக்குப் பின்னால் போர்டில் செப்புத் தடமே இருக்காது; சுற்றிலும் கரி. "எங்க வீட்டு மேல இடி விழவே இல்லையே" என்பார்கள். விழ வேண்டியதில்லை. சற்றுத் தள்ளி மின்னல் இறங்கினாலே மாடி ஆன்டெனா கம்பத்திலும் அதன் ஒயரிலும் மின்னழுத்தம் எகிறிவிடும்.

இடி இல்லாத நாளிலும் ஆபத்து உண்டு. கண்ணாடிக் கோலைப் பட்டில் தேய்த்தால் நிலைமின்சாரம் பிறக்கும் என்று பள்ளியில் படித்தோமே, வறண்ட காற்றும் புழுதியும் ஆன்டெனாவை உரசும்போதும் அதேதான் நடக்கிறது. வடிய வழியில்லாவிட்டால் முதலில் கரகரப்பு, பிறகு ரிசீவரே போய்விடும். ஹாம் ரேடியோக்காரர்கள் ஆன்டெனாவுக்கும் எர்த்துக்கும் நடுவே ஒரு ரெசிஸ்டர் போட்டு அதை வடியவிடுகிறார்கள்.

எர்த் போட்டால் இடியைக் கூப்பிட்டது மாதிரி என்று இங்கே பலர் நம்புகிறார்கள். தவறு. உயரமான கம்பம் ஏற்கெனவே மாடியில் நிற்கிறது. எர்த் மின்னலுக்கு இறங்க வழி தருகிறது, அவ்வளவுதான். வழி தராவிட்டால் என்ன ஆகும்? 1753-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ரிச்மன் என்ற விஞ்ஞானி, கூரையிலிருந்து அறைக்குள் இரும்புக் கம்பியை மண்ணோடு சேர்க்காமல் கொண்டுவந்து மின்னலை ஆராய்ந்தார். அந்தக் கம்பி வழியே பாய்ந்த மின்சாரம் அவர் உயிரைப் பறித்தது.

கம்பத்தின் அடியிலிருந்து தடித்த செப்புக் கம்பி, வளைத்து மடிக்காமல் நேராக மண்ணுக்குப் போக வேண்டும். கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில், எகிறும் மின்னழுத்தத்தை எர்த்துக்குத் திருப்பிவிடும் ஒரு அரெஸ்டர். இரண்டையும் வீட்டு மெயின் எர்த்தோடு இணைத்தே தீர வேண்டும். தனித்தனியாக விட்டால், இரண்டு எர்த்துக்கும் இடையிலான மின்னழுத்த வேறுபாடு உங்கள் பெட்டிக்குள்தான் பாயும். கம்பத்தின் மேலேயே நேராக இடி விழுந்தால் இதுவும் முழுக் காவல் ஆகாது. ஆனாலும் தீ விபத்துக்கும் உயிருக்கும் உள்ள ஆபத்து வெகுவாகக் குறையும்.

நம் ஊரில் வீடுதான் தறிக்கூடம். தறியில் புடவையின் வடிவத்தை நெய்ய உதவும் மின்னணு ஜக்கார்டு உள்ள வீட்டில், வீட்டு ஒயர் வழியே எகிறும் மின்னழுத்தத்தில் அதன் போர்டு எரிந்தால் பாவு பாதியில் நிற்கும், முகூர்த்தப் புடவை கைக்கு வராது, கூலியும் நின்றுபோகும். ஆகவே கேபிள், இணைய இணைப்பு தருபவர்கள் எர்த்துக்கான செலவையும் பில்லிலேயே சேர்த்து வேலையை முடித்துத் தர வேண்டும். நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் ஜக்கார்டு பொருத்தும் முன் வீட்டு எர்த்தைச் சோதிக்க வேண்டும்.

வானம் இருட்டும்போதே கேபிளையும் பிளக்கையும் கழற்றிவிடுங்கள். இடி கேட்ட பிறகு ஒயரைத் தொடாதீர்கள்.