தேய்ந்த பாட்டும் தேறிய மூவரும்
நாலு இடத்தில் வாசித்து அடிபட்டுத் தேறியவர்கள் ஒன்றுசேர்ந்தால் ஒத்திகை பாதி முடிந்த மாதிரி என்பது என் கட்சி. சாட்சிக்கு, 1983 ஜனவரியில் நியூயார்க்கின் பவர் ஸ்டேஷன் ஸ்டூடியோவில் கூடிய ஜாஸ் கலைஞர்கள் மூவரைக் கூப்பிடுகிறேன். பியானோ கீத் ஜாரெட், டிரம்ஸ் ஜாக் டிஜானெட். இருவரும் சார்லஸ் லாயிட் குழுவிலும், பிறகு மைல்ஸ் டேவிஸ் குழுவிலும் ஒன்றாக வாசித்தவர்கள். டபுள் பாஸ் கேரி பீகாக். இவர் கதை வேறு. பில் எவன்ஸுடன் வாசித்தார், ஆல்பர்ட் அய்லரோடு சேர்ந்து வரம்பையெல்லாம் உடைத்தார், ஜப்பானில் சில காலம் இருந்துவிட்டுத் திரும்பி வந்து உயிரியல் படித்தார்! 1977-இல் இவருடைய ஆல்பத்துக்காகத்தான் மூவரும் முதலில் சேர்ந்தார்கள். அதோடு ஆளுக்கொரு திசை. ஆறு வருஷம் கழித்து ஜாரெட் மறுபடி அழைத்தது பெரும்பாலும் பழைய பாட்டுகளுக்காக. பிராட்வேயிலும் சினிமாவிலும் பிறந்து, ஊரே வாசித்துத் தேய்த்தவை. புதுமைக்காரர்கள் முகம் சுளிக்கும் சமாச்சாரம். மெட்டு மூவருக்கும் மனப்பாடம். ஒருவர் விட்ட இடத்தை அடுத்தவர் காதால் பிடித்தால் போதும். இரண்டு நாளுக்குள் மூன்று ஆல்பத்துக்கான சரக்கு சேர்ந்துவிட்டது. ஜாரெட் பாதி எழுந்து நின்று முனகிக்கொண்டே வாசித்தது பலருக்கு எரிச்சல். எனக்கோ அந்த முனகல் இல்லாவிட்டால் உப்புக் குறைந்த மாதிரி இருக்கும். 2014 வரை மூவரும் அந்தப் பழைய பாட்டுகளை விடவில்லை.