எந்த நாய் என்று காட்டும் படம்

ஓசூரிலிருந்து ராயக்கோட்டை போகும் சாலையில் உள்ள உத்தனப்பள்ளி வட்டாரம் சில ஆண்டுகளில் வெகுவாக மாறிவிட்டது. அதை ஒட்டிய டாடா எலெக்ட்ரானிக்ஸ் ஆலையில் ஐபோனின் பாகங்கள் தயாராகின்றன. வேலைக்கு ஆட்கள் வந்தார்கள். விடுதிகளும் சாப்பாட்டுக் கடைகளும் வந்தன. மிஞ்சிய சோறு விழும் இடத்தில் நாய்களும் கூடும். கைபேசிக்குப் பாகம் செய்யும் இந்த மண்ணில் கேமரா இல்லாத சட்டைப்பையைக் காண்பது அரிது. அந்தக் கேமராவால் தெருநாயை ஒழுங்காகப் படமெடுக்கக் கற்பது ஊருக்குப் பயன்படும் வேலை என்பதே என் வாதம். நல்ல நாய்ப் படத்துக்கு நான் வைக்கும் அளவுகோல் ஒன்றுதான்: அந்த நாயை முன்பின் பார்த்திராதவர்கூட, மறுநாள் பத்து நாய்களுக்கு நடுவே அதை மட்டும் காட்ட முடிய வேண்டும்.

சட்டம் இன்று கேட்பதும் இதைத்தான். 2023ஆம் ஆண்டின் விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, பிடித்த நாய்க்குக் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 22 அன்று அதையே உறுதிசெய்தபோது, ரேபிஸ் தாக்கிய நாய்களுக்கும் மூர்க்கமான நாய்களுக்கும் விலக்கு வைத்தது. அதே ஆண்டு நவம்பர் 7 அன்று, பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற வளாகங்களில் பிடிக்கும் நாய்களைத் திரும்ப அங்கே விடக் கூடாது என்றது. எது மூர்க்கமான நாய், எது எந்தத் தெருவில் பிடித்தது, எதற்கு ஊசி போட்டாயிற்று? ஒவ்வொரு நாயையும் தனித்தனியாக அடையாளம் காணாமல் இந்த உத்தரவுகளில் எதையும் சரிவர நிறைவேற்ற இயலாது. கருத்தடை முடிந்ததற்குக் காதில் வெட்டு அடையாளம் உண்டு. அது அறுவை நடந்ததைச் சொல்லும், எந்த நாய் என்பதைச் சொல்லாது.

வாயால் விவரிக்கலாமே என்றால், இந்த எல்லைப் பகுதியில் அது சுலபமில்லை. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் புழங்குகின்றன. ஆலை வேலைக்கு வந்தவர்கள் இந்தியும் ஒடியாவும் கொண்டுவந்திருக்கிறார்கள். ஒரே மொழி பேசினாலும், “செவலை நாய், வால் சுருட்டியிருக்கும்” என்ற அடையாளம் தெருவில் பாதி நாய்களுக்குப் பொருந்தும். ஒருவரை நாய் கடித்தால், சோப்பு போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, தாமதமின்றி ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். நாயைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று காத்திருக்கக் கூடாது. கூடவே, கடித்த நாயைப் பத்து நாள் கண்காணிப்பது மருத்துவ நடைமுறை. தவறான நாயைக் கண்காணித்தால் அதனால் பயனில்லை. தெருவில் உள்ள நாய்களின் தெளிவான படங்கள் முன்பே இருந்தால், கடிபட்டவர் எந்த மொழிக்காரரானாலும் விரல் வைத்துக் காட்டிவிடுவார்.

ஆனால் நம் கைபேசிகளில் இருக்கும் நாய்ப் படங்களில் பெரும்பாலானவை இதற்கு உதவாது. நின்றபடியே மேலிருந்து எடுப்பதால் முதுகும் தலையும்தான் தெரிகின்றன. மார்பின் வெள்ளைத் திட்டு, காலின் நிறம், வயிற்றின் மடி எதுவும் தெரிவதில்லை. கேமரா நாயின் கண்மட்டத்துக்கு இறங்க வேண்டும். பழக்கமில்லாத நாயின் முன் குனிய வேண்டியதில்லை. கைபேசியைத் தலைகீழாகப் பிடித்தால் லென்ஸ் தரைப்பக்கம் வந்துவிடும். மிக அருகில் போனால் மூக்கு பெரிதாகி உடல் சிறுத்துப்போகும். நாலைந்து அடி தள்ளி நின்று இரண்டு மடங்கு ஜூம் வைத்தால் அளவு சரியாக வரும். கறுப்பு நாயை வெயில் சாலையில் எடுத்தால், சாலையின் வெளிச்சத்துக்கு ஏற்பக் கேமரா ஒளியளவைக் குறைத்துக்கொள்ளும். நாய் வெறும் நிழலாகிவிடும். திரையில் நாயின் முகத்தைத் தொட்டு வெளிச்சத்தைக் கூட்ட வேண்டும். உச்சி வெயிலைவிட மரநிழலும் காலை வெளிச்சமும் நல்லவை. இரவில் ஃப்ளாஷ் அடித்தால், விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பும் படலம் இருப்பதால் கண் இரண்டும் பளிச்சிடும், நிறம் கெடும். முகம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என மூன்று படம் தேவை. இரு பக்கத்துத் திட்டுகளும் ஒன்றுபோல் இருப்பதில்லை. நேராக உற்றுப்பார்ப்பதை நாய் மிரட்டலாக எடுத்துக்கொள்ளும். ஆகவே பக்கவாட்டில் அணுக வேண்டும். தின்னும் நாயையும் குட்டி போட்ட நாயையும் நெருங்கவே கூடாது.

நாயைத் தனி உயிராக அடையாளம் கண்டு பதிவது இந்த நிலத்துக்குப் புதிதல்ல. திருவண்ணாமலை மாவட்டத்து எடத்தனூரில், மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல், கள்வரை எதிர்த்த கோவிவன் என்ற நாயைப் பெயரோடு சொல்லி, வீரனுக்குப் பின்னால் அதன் உருவத்தையும் காட்டுகிறது. கர்நாடகத்து மண்டியா மாவட்டத்தின் ஆதகூரில் கிடைத்த 10ஆம் நூற்றாண்டுக் கல், பன்றியோடு பொருது இறந்த காளி என்ற நாயை நினைவுகூர்கிறது. அந்தக் கல்லில் நாயும் பன்றியும் மோதும் காட்சி செதுக்கப்பட்டிருக்கிறது.

கடிக்குப் பயந்து நடக்கிறவனிடம் படத்தைப் பற்றிப் பேசுவதா என்று கேட்பார்கள். இரவு ஷிஃப்ட் முடிந்து நடந்துவரும் பெண்ணின் பயம் உண்மையானது. படம் எந்த நாயையும் நிறுத்தாது. ஆனால் அந்தப் பயத்தைக் குறைக்கும் வழி தடுப்பூசியும் கருத்தடையும் என்றால், அவற்றை விடுபடாமல் செய்யக் கணக்கு வேண்டும். நாய்களில் 70 விழுக்காட்டுக்குத் தடுப்பூசி போட்டால் ரேபிஸ் பரவலை அறுக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனம் ஏற்றுள்ள இலக்கு. கோவாவில் மாநில அரசும் மிஷன் ரேபிஸ் அமைப்பும் ஊசி போட்ட நாய்களைக் கைபேசிச் செயலியில் இடத்தோடு பதிந்து வேலை செய்தன. மனித இறப்பு வெகுவாகக் குறைந்தது. அழகிய படங்கள் நாய் வியாபாரிகளுக்குத்தான் உதவும் என்பது இன்னொரு மறுப்பு. வியாபாரியின் படம் குறையை மறைத்து எடுப்பது. நான் கேட்பது தழும்பையும் வெட்டுக்காதையும் காட்டும் படம். நாய்களை ஒழிக்கவே இந்தப் பட்டியல் பயன்படும் என்ற அச்சமும் நியாயமானதே. ஆனால் பட்டியல் இல்லாத ஊரில் ஒரு நாய் செய்த குற்றத்துக்கு எல்லா நாய்களும் அடிபடுகின்றன. சாதுவான நாயைப் பிரித்துக் காப்பாற்றவும் படமே சாட்சி.

எனவே உத்தனப்பள்ளி போன்ற ஊராட்சிகள் தெருவாரியாக நாய்ப் படப் பதிவேடு தொடங்க வேண்டும். மேல்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு ஒரு நாள் பயிற்சி கொடுத்தால் போதும். பெரியவர் ஒருவர் துணையோடு எடுக்கட்டும். படத்தோடு தெரு, தேதி, பால், காது வெட்டு, ஊசி விவரம் சேர்த்துக் கால்நடை மருந்தகத்தில் வைக்க வேண்டும். விடுதி நடத்தும் நிறுவனங்கள் தங்கள் வளாகத்து நாய்களுக்கு இதைச் செய்யலாம். புதுக் கருவி வாங்க வேண்டியதில்லை. தடுப்பூசி முகாமுக்கு முன் ஒரு முறை, பின் ஒரு முறை எடுத்தாலே எந்த நாய் விடுபட்டது என்று ஊருக்குத் தெரிந்துவிடும். அடுத்த ஊசி அதற்குப் போகும்.