பயணப் படிவமும் பாட்டியின் பெயரும்

ஊருக்கு ஒரு தடவை போய்வர வேண்டும் என்ற ஆசை கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் இன்னும் குறையவில்லை. குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்க, பழநியில் முடி இறக்க, பாட்டன் பிறந்த மண்ணைப் பிள்ளைகளுக்குக் காட்ட என்று வருஷக் கணக்கில் கூட்டுப் பிடித்துப் பணம் சேர்க்கிறார்கள். அப்படிச் சேர்த்த பணம் விமான நிலையக் கவுண்டரில் ஓர் எழுத்துப் பிழையால் வீணாகலாமா? ரப்பர்த் தோட்டத்துத் தோழர்களும் இதைத் தங்கள் சங்கதியாகவே படிக்க வேண்டுகிறோம்.

ரஜுலா கப்பல் ஓடிய காலத்தில் பாஸ்போர்ட்டும் டிக்கட்டும் அம்மை குத்திய சீட்டும் மடியில் இருந்தால் போதும். மற்றதை யாராவது ஒரு சிப்பந்தி கேட்டு எழுதிக்கொள்வார். இன்று கேட்பாருமில்லை, எழுதுவாருமில்லை. கைப்பேசியைத் திறந்து நாமே எழுதியாக வேண்டும். மலேசியப் பாஸ்போர்ட்டில் இந்தியா செல்வோர் முதலில் மின்விசா பெற வேண்டும். அதன்மேல், 2025 அக்டோபர் 1 முதல் வெளிநாட்டார் எல்லோரும் மின் வருகை அட்டையும் நிரப்ப வேண்டும். தாய்லாந்து 2025 மே 1 முதல் இதே முறையைக் கொண்டுவந்து விட்டது. சிங்கப்பூரில் இது 2020 முதலே நடப்பிலிருக்கிறது. விசா வேறு, வருகை அட்டை வேறு. ஒன்றிருந்தால் மற்றது வேண்டாம் என்று நினைத்து ஏமாறக் கூடாது. வருகை அட்டையைப் போய்ச் சேருவதற்கு முந்திய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். மூன்று நாடுகளும் அதற்குக் காசு கேட்பதில்லை.

காசு கேட்பவர்கள் வேறு ஆட்கள். சர்க்கார் பக்கத்தைப் போலவே கொடியும் முத்திரையும் போட்டு, இலவசமான அட்டைக்குக் கட்டணம் வாங்கும் இணையப் பக்கங்கள் உண்டு. இந்தியாவின், சிங்கப்பூரின் பக்கமானால் முகவரியில் 'கவ்' என்ற எழுத்துக்களும், தாய்லாந்தின் பக்கமானால் 'கோ' என்ற எழுத்துக்களும் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு எழுதத் தொடங்குங்கள்.

பெயர் விஷயத்துக்கு வருவோம். பெரும் தொல்லை இங்கேதான். ஒரு பாட்டியின் பெயரைத் தோட்டத்துக் கிராணி தம் காதில் விழுந்தபடி எழுதினார்; பதிவு அலுவலகத்தில் இன்னொருவர் தம் காதில் விழுந்தபடி எழுதினார். பிறப்புப் பத்திரத்தில் லெட்சுமி, அடையாளக் கார்டில் லெச்சிமி. பேரன் படித்தவன், இரண்டும் தப்பு என்று கண்டு, விசாப் படிவத்தில் இலட்சுமி என்று அழகாகத் திருத்தி எழுதிவிடுகிறான்! தமிழுக்கு அது சரி. பயணத்துக்கு அதுவே வினை. பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே, தப்பானாலும் தப்போடு எழுத வேண்டும். 'ஏ/எல்', 'ஏ/பி' என்பதிலுள்ள சாய்கோட்டைச் சில படிவங்கள் ஏற்பதில்லை. அங்கே கோட்டை மட்டும் விடலாம். தகப்பன் பெயரை வெட்டி எறியக் கூடாது. டிக்கட்டிலும் விசாவிலும் பெயர் ஒன்றுபோல் இருக்கிறதா என்று இரண்டு பேராகப் பார்ப்பது நல்லது.

இந்திய மின்விசாப் படிவம் வேறொன்றும் கேட்கிறது: தாய் தந்தையர் பிறந்த ஊர் எது? இந்தியாவில் உங்களைத் தெரிந்தவர் யார், அவர் விலாசமும் தொலைபேசி எண்ணும் என்ன? முன்பு வந்ததுண்டா, அந்த விசாவின் எண் என்ன? தேயிலை லயத்திலே பிறந்து வளர்ந்தவருக்கு அப்பன் ஊர் திருச்சிப் பக்கமா, சேலம் பக்கமா என்பதே சந்தேகம். பெரியவர்கள் இருக்கும்போது கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பழைய பாஸ்போர்ட்டையும் தூக்கி எறிய வேண்டாம்.

சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருக்கும் முதியோரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இந்நாட்டிலே உழைத்து முதுகு வளைந்தும் எந்த நாட்டுப் பிரஜையாகவும் இல்லாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பாஸ்போர்ட்டுக்குப் பதிலாகக் குடிநுழைவு இலாகாவின் அடையாளச் சான்றுப் புத்தகத்தில் பயணம் செய்வோருக்கு இந்திய மின்விசா கிடையாது. அவர்கள் சாதாரண விசாவுக்கே மனுச் செய்ய வேண்டும். திரும்பி உள்ளே வரும் அனுமதியையும் புறப்படுமுன் பெற வேண்டும். இதற்கு நாட்கள் பிடிக்கும். பேரன் வாங்கிய மலிவு டிக்கட்டின் தேதி இவர்களுக்காகக் காத்திராது.

அங்கிருந்து வரும் சொந்தக்காரருக்கும் ஒரு வார்த்தை. 2023 டிசம்பர் 1 முதல் இந்தியப் பிரஜைகள் விசா இல்லாமல் முப்பது நாள் இங்கே தங்கலாம். இச்சலுகை 2026 டிசம்பர் 31 வரை உண்டு. ஆனால் 2024 ஜனவரி 1 முதல் நடப்பிலுள்ள மலேசிய டிஜிட்டல் வருகை அட்டையை அவர்கள் நிரப்பியே வர வேண்டும்.

கிராணிமார்களிடம் நமக்கு ஒரு கோரிக்கை உண்டு. அன்று உங்கள் பேனாதான் எங்கள் பெயரை முடிவு செய்தது. இன்று ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மணி நேரம் கோவில் மண்டபத்திலோ தமிழ்ப்பள்ளியிலோ உட்கார்ந்து, புறப்படுவோரின் படிவங்களைப் பார்த்துக் கொடுக்கலாகாதா? கிளைக் காரியதரிசிகள் இதை ஏற்பாடு செய்ய வேண்டும். இந்திய சர்க்காரையும் கேட்கிறோம்: மின்விசாப் படிவம் ஆங்கிலத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டுக்குப் போகும் தமிழனிடம், அவன் அப்பன் பிறந்த ஊரைத் தமிழில் கேட்டால் என்ன குறைந்துவிடும்?

பள்ளி விடுமுறை வந்தால் நெரிசல் கூடும். பெட்டியிலிருக்கும் பாஸ்போர்ட்டை இன்றைக்கே எடுத்துத் தேதியைப் பாருங்கள். இந்தியாவில் இறங்கும் நாளிலிருந்து ஆறு மாதமாவது அதற்கு ஆயுள் இருக்க வேண்டும். முத்திரை குத்த இரண்டு வெற்றுப் பக்கமும் வேண்டும்.