சொட்டும் எண்ணெய்



இம்மாதம் ஒரு பழைய காரைப் பற்றி உங்களோடு பேச விரும்புகிறேன். சாமியாருக்கு இதில் என்ன அக்கறை என்று எண்ணாதீர்கள். காரணம் பின்னால் விளங்கும்.

நம் கொங்கு நாட்டில் தந்தை வாங்கிய வண்டியை மகன் ஓட்டுவது புதுமையன்று. 2014-ஆம் ஆண்டில் அம்பாசடர் காரின் உற்பத்தியே நின்றுவிட்டது. ஆயினும் பேணிக் காக்கப்பட்ட அம்பாசடர்கள் இன்றும் நம் சாலைகளில் ஓடுகின்றன. எங்கள் பங்கிலும் அப்படி ஒன்று உண்டு. அதன் அடியில் நாள்தோறும் காலையில் ஒரு கரிய வட்டம் தென்படும். பட்டறைத் தம்பி அதைப் பார்த்துவிட்டு, "சாமி, ஆயில் கசியுதுங்க. இப்பவே பாத்துட்டா செலவு கம்மிங்க" என்றார். "திருவிழா முடியட்டும்" என்றேன். திருவிழா முடிந்தது, தவக்காலம் வந்தது, அதுவும் கடந்தது. ஆயில் அளவைக்கூட நான் ஒரு மாதமாகப் பார்க்கவில்லை.

ஓர் இரவு, பல்லடம் சாலையிலுள்ள சிற்றூரிலிருந்து அழைப்பு வந்தது. மூதாட்டி ஒருவர் மரணத் தறுவாயில் இருந்தார். புறப்பட்டேன். பாதி வழியில் சிவப்பு விளக்கு எரிந்தது. "இன்னும் சிறிது தூரந்தானே" என்று ஓட்டினேன். இரண்டு கிலோமீட்டர் கடப்பதற்குள் என்ஜின் தடதடத்து, இறுகி நின்றுவிட்டது. அவ்வழியே வந்த லாரிக்காரர் ஒருவர் என்னை ஏற்றிச் சென்றார். நான் வீட்டை அடைந்தபோது அப்பாட்டி இறந்து அரைமணி நேரமாகியிருந்தது. நோயில் பூசுதல் உயிரோடிருப்பவர்க்குரிய அருட்சாதனம். ஆகவே இறந்தோர்க்கான செபத்தையே சொன்னேன். அவருடைய மகன் என் கைகளைப் பற்றி, "வந்தீங்களே சாமி, அதுவே போதுங்க" என்றார். அவர் கடிந்துகொண்டிருந்தால் எனக்கு ஆறுதலாய் இருந்திருக்கும்.

இறைவனின் இரக்கம் என் காரை நம்பி இருப்பதன்று. இதை நான் விசுவசிக்கிறேன். ஆனால் என் கடமை அதை நம்பி இருந்ததன்றோ?

பின்னர் பட்டறையில் கற்றவற்றை உங்களுக்குச் சொல்கிறேன். அந்தச் சிவப்பு விளக்கு ஆயிலின் அளவைக் காட்டுவதன்று. அழுத்தம் போய்விட்டதைக் காட்டுவது. அது எரிந்த நொடியே என்ஜினை நிறுத்திவிட வேண்டும். அழுத்தம் இல்லையேல் பேரிங்குகள் உராய்ந்து உருகும். கிராங்க் தண்டு பழுதாகும். ஆகவே வாரம் ஒருமுறை, சமதளத்தில், என்ஜினை நிறுத்திச் சில நிமிடங்கள் கழித்து, டிப் ஸ்டிக்கை எடுத்துத் துடைத்து மீண்டும் விட்டுப் பாருங்கள். ஆயில் இரு கோடுகளுக்கும் நடுவில் நிற்க வேண்டும்.

கசிவு தோன்றும் இடம் வேறு, சொட்டும் இடம் வேறு. ஆயில் கீழ்நோக்கி வழியும். ஓட்டத்தின் காற்று அதைப் பின்னுக்குத் தள்ளும். எனவே முதலில் என்ஜினை நன்கு கழுவித் துடைத்து, சிறிது தூரம் ஓட்டி, ஈரம் காணும் இடங்களில் மிக மேலேயும் மிக முன்னேயும் இருப்பதைத் தேடவேண்டும். எங்கள் வண்டியில் குற்றவாளி டேப்பட் கவர் பேக்கிங். அதற்கும் காரணமானது அடைபட்டுப் போன பிரீதர் குழாய். உள்ளே மூளும் புகை வெளியேற வழியின்றி அழுத்தமாகி, ஆயிலைப் பேக்கிங்கின் இடுக்கு வழியே தள்ளியிருக்கிறது. பிரீதரைச் சுத்தம் செய்யாமல் பேக்கிங்கை மட்டும் மாற்றினால் கசிவு திரும்பி வரும். போல்ட்டை மிகையாக முறுக்குவதும் தவறு. தகடு வளைந்து கசிவு பெருகும்.

ஒவ்வொரு சொட்டுக்கும் அஞ்சவும் வேண்டாம். பழைய அம்பாசடரின் 1489 சி.சி. பெட்ரோல் என்ஜினில் கிராங்க் தண்டின் பின்முனையில் உள்ள மறைவரிகளே ஆயிலைத் திருப்பி அனுப்புகின்றன. நிறுத்தியபின் இரண்டொரு சொட்டு விழுவது அதன் இயல்பு. ஆனால் சூடான புகைக்குழாயில் விழும் ஆயில் தீப்பற்றக்கூடும். கிளட்ச் பிளேட்டில் பட்டால் குன்னூர் மலையேற்றத்தில் வண்டி வழுக்கும். இவற்றைத் தள்ளிப்போடலாகாது.

இனி, வீட்டுக்கணக்கு நோட்டு போல வண்டிக்கும் ஒரு நோட்டு வையுங்கள். தேதி, கிலோமீட்டர், செய்த வேலை, செலவு ஆகியவற்றை எழுதுங்கள். வரப்போகும் வேலைகளை மூன்றாகப் பிரியுங்கள். உயிரைக் காப்பவை முதலாவது: பிரேக், ஸ்டியரிங், டயர். வழியில் நிறுத்திவிடக்கூடியவை இரண்டாவது: ஆயில் கசிவு, ரேடியேட்டர் ஓஸ், பேன் பெல்ட், பேட்டரி. அழகுக்கானவை மூன்றாவது: பெயின்ட், இருக்கை உறை. நம்மில் பலர் மூன்றிலிருந்து தொடங்குகிறோம்! ஒருமுறை கழற்றும்போதே அருகிலுள்ளதையும் முடித்துவிடுங்கள். கிளட்சுக்காகக் கியர்பாக்ஸை இறக்கினால், பின்புற ஆயில் சீல் உள்ள வண்டிகளில் அதையும் அப்போதே மாற்றலாம், கூலி ஒன்றே. மாதந்தோறும் ஒரு சிறு தொகையை இதற்கென ஒதுக்குங்கள். பதினைந்து ஆண்டு கடந்த சொந்தக் காருக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கும்போதும் இந்த நோட்டு கைகொடுக்கும்.

நம் கோவையின் ஜி.டி. நாயுடு 1920-ஆம் ஆண்டில் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே பேருந்தோடு தொழிலைத் தொடங்கியவர். அவர் பெயரால் அவிநாசி சாலையில் அமைந்துள்ள கார் அருங்காட்சியகத்திற்கு உங்கள் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். நாள் தவறாத கவனிப்பு இருந்தால் இரும்புக்கும் நீண்ட ஆயுள் உண்டு என்பதை அவர்கள் காண்பார்கள்.

மத்தேயு நற்செய்தியின் பத்துக் கன்னியரை நினைத்துப் பாருங்கள். வெளியே நின்ற ஐவரும் தீயவர் என்று ஆண்டவர் சொல்லவில்லை. எண்ணெயைப் பற்றி முன்னதாக எண்ணாதவர்கள், அவ்வளவே. அந்த உவமையைப் பல ஆண்டுகள் பீடத்தில் நின்று விளக்கியவன் நான். அதன் பொருளைப் பல்லடம் சாலையில், நள்ளிரவில், நின்றுபோன வண்டியின் அருகில்தான் கற்றேன்.

உங்கள் இல்லத்திலும் எங்கோ ஒன்று சொட்டிக்கொண்டிருக்கலாம். பேசாதிருக்கும் அண்ணன் தம்பியாக இருக்கலாம். மருத்துவரிடம் காட்டாத தாயின் நெஞ்சுவலியாக இருக்கலாம். திருவிழா முடியட்டும் என்று காத்திராதீர்கள். இன்றே பாருங்கள்.

அந்தப் பாட்டியின் ஆன்மா இறைவனில் இளைப்பாற, இன்றிரவு உங்கள் குடும்பச் செபத்தில் ஓர் அருள் நிறைந்த மரியே சொல்லுங்கள். எனக்காகவும் ஒன்று.