மனநல ஆலோசனைக்கு விளம்பரம் செய்யலாமா?



2011-ஆம் ஆண்டு மதுரை மாநகராட்சியோடு இணைந்த ஆனையூரில் பெயர்ப்பலகைகளுக்குப் பஞ்சமில்லை. பல் மருத்துவமனை, இரத்தப் பரிசோதனை நிலையம், டியூஷன் சென்டர் என்று தெருவுக்குத் தெரு பார்க்கிறோம். இவற்றின் நடுவே 'மனநல ஆலோசனை மையம்' என்று ஒருவர் பலகை மாட்டினால், அந்தப் படிகளில் ஏறப்போவது யார்? பல்வலிக்காரர் யாரையும் பொருட்படுத்தாமல் உள்ளே போகிறார். இங்கு வருகிறவரோ, தெரிந்த முகம் ஏதும் தென்படுகிறதா என்று இருபக்கமும் பார்த்துவிட்டுத்தான் கால் வைப்பார். அந்தத் தயக்கத்தை உணராத ஆலோசகர், எத்தனை பெரிய பலகை வைத்தாலும் நாற்காலிகள் காலியாகத்தான் இருக்கும்.

இதைப் பற்றிச் சிந்திக்க இப்போது ஒரு காரணம் உண்டு. விசாகப்பட்டினத்தில் மருத்துவ நுழைவுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவியின் மரணம் குறித்த வழக்கில், 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் நாடு முழுவதற்கும் வழிகாட்டுதல்களை வழங்கியது. 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் பயிலும் கல்வி நிறுவனங்கள், தகுதி பெற்ற ஆலோசகர் அல்லது உளவியலாளர் ஒருவரையாவது நியமிக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. நமது துறவற சபைகள் நடத்தும் பள்ளிகளும் இதற்குள் அடங்கும். தேவை கூடும்போது விற்பனையும் கூடும் அல்லவா? 'மூன்றே அமர்வுகளில் மனச்சோர்வு நீங்கும்', 'தேர்வு பயம் அடியோடு ஒழியும்' என்ற துண்டுப்பிரசுரங்கள் பள்ளி வாசல்களுக்கு வந்து சேர அதிக நாளாகாது.

இத்தகைய வாக்குறுதிகளைச் சட்டம் கண்டுகொள்ளாமல் இல்லை. சில நோய்களைக் குணமாக்குவதாக மருந்துகளையும் மந்திர சிகிச்சைகளையும் விளம்பரப்படுத்துவதைத் தடைசெய்யும் 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பட்டியலில் மனநோயும் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தவறான விளம்பரத்திற்கு 10 இலட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். மருத்துவர்களுக்கு உரிய 2002-ஆம் ஆண்டு நெறிமுறைகளோ இன்னும் கண்டிப்பானவை. புதிதாகத் தொழில் தொடங்குவது, முகவரி மாற்றம், கட்டண விவரம் போன்றவற்றை அறிவிக்கலாம். ஆனால் நோயாளிகளைத் தம்மிடம் இழுக்க விளம்பரம் செய்யக்கூடாது. எனவே மனநல மருத்துவருக்கு வேலி இருக்கிறது. 'கவுன்சிலர்' என்று போட்டுக்கொள்பவருக்கோ அந்த வேலி தாழ்வானது. சில வாரப் பயிற்சியோடு பலகை மாட்டுகிறவர்களும் உண்டு.

மற்றொன்று சாட்சியம். குணமளிக்கும் கூட்டங்களில் சாட்சி சொல்வதைக் கேட்டுப் பழகியவர்கள் நாம். 'இங்கு வந்தேன், வாழ்வு மாறியது' என்று ஒருவர் பேசும் வீடியோ நமக்கு இயல்பாகத் தோன்றும். ஆனால் ஆலோசகரிடம் தன் துயரத்தை எல்லாம் கொட்டியவர், அவர் கேட்கும்போது 'முடியாது' என்று சொல்லும் நிலையிலா இருப்பார்? 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் இரகசியக் காப்பை நோயாளியின் உரிமையாக ஆக்கியுள்ளது. சிகிச்சை பெறுபவரின் படத்தையோ விவரத்தையோ அவருடைய சம்மதமின்றி ஊடகங்களுக்குத் தருவதும் கூடாது. ஒப்புரவு அருட்சாதனத்தின் முத்திரையை அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பெரிய நிறுவனங்களே இதில் சறுக்கியிருக்கின்றன. இணையவழி ஆலோசனை வழங்கும் அமெரிக்க நிறுவனமான பெட்டர்ஹெல்ப், தன்னை நாடி வந்தவர்களின் விவரங்களை விளம்பரத்திற்காக ஃபேஸ்புக் போன்ற தளங்களுக்குத் தந்ததாக அந்நாட்டு வர்த்தக ஆணையம் குற்றம்சாட்டியது. 2023-இல் 78 இலட்சம் டாலர் செலுத்த ஒப்புக்கொண்டு அந்நிறுவனம் வழக்கை முடித்துக்கொண்டது.

அப்படியானால் நல்ல ஆலோசகர் வாய்மூடி இருக்க வேண்டுமா? அதுவும் தவறே. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டதை நம் தென்மாவட்டங்கள் மறக்க முடியாது. அவர்களை அங்கே கொண்டு சேர்த்தது எந்தச் சுவரொட்டியும் அல்ல. 'அங்கே போனால் சரியாகும்' என்ற வாய்ச்சொல். மருத்துவம் எங்கே கிடைக்கும் என்ற சொல் அந்தக் குடும்பங்களின் காதில் விழவில்லை, அல்லது பிந்தி விழுந்தது. மதுரையிலேயே 1992-இல் மருத்துவர் சி. இராமசுப்பிரமணியன் தொடங்கிய எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளை போன்றவை இயங்கி வந்தபோதும் நிலைமை அதுவாக இருந்தது. பின்னர் ஏர்வாடி தர்காவிலேயே, வேண்டுதலோடு மருந்தும் கிடைக்கும் 'தவா-துவா' என்ற திட்டம் வந்தது. மக்கள் எங்கே போகிறார்களோ அங்கே மருத்துவரும் போய் அமர்ந்தார். எனக்குத் தெரிந்து இதைவிட நேர்மையான விளம்பரம் இல்லை.

ஆனையூரில் தொடங்குகிறவரும் இவ்வழியில் செல்லலாம். பங்கில் பெற்றோருக்கும், அன்பியங்களிலும், பள்ளி ஆசிரியர்களுக்கும், தூக்கமின்மை பற்றியும் குடிநோய் பற்றியும் கட்டணமின்றிப் பேசலாம். படிப்பு, பதிவு எண், கட்டணம், நேரம் ஆகியவற்றை மறைக்காமல் எழுதி வைக்கலாம். வேலை முடிந்து வருகிறவர்களுக்காக மாலையில் திறந்திருக்கலாம். வரவேற்பறையில் பெயரைச் சத்தமாகக் கூப்பிடாமல் இருக்கலாம். சிறு செய்திதான், ஆனால் திரும்ப வருவதும் வராததும் பலருக்கு இதில்தான் இருக்கிறது.

நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. ஆலோசகர் ஒருவருக்கு ஆலய அறிவிப்புப் பலகையில் இடம் தருமுன், அவர் மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வுக் கழகத்தின் பதிவு எண்ணையும், மனநல மருத்துவர் என்றால் மருத்துவக் கழகப் பதிவையும் பங்குப்பேரவை கேட்டுப் பெற வேண்டும். 'நம்ம ஆளு' என்பது தகுதி ஆகாது. பணம் கட்ட இயலாதவர்களுக்காக அதே பலகையில் இரண்டு வரிகள் சேர்க்கலாம்: மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனையின் மனநலப் பிரிவு, 2022 அக்டோபரில் தொடங்கிய, எந்நேரமும் கட்டணமின்றிப் பேசக்கூடிய 14416 என்ற எண்.